பூட்டுலோடர்

நிறுவனத்தின் கடிதம் பாராட்டில் தொடங்கியது. "எங்கள் குடும்பத்தின் அன்பு உறுப்பினரே, உங்கள் வீட்டின் நான்கு கண்காணிப்பு கேமராக்களும் தங்கள் சேவைக்காலத்தைச் சிறப்புடன் நிறைவு செய்து இன்றுமுதல் ஓய்வு பெறுகின்றன என்பதை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்."

பூட்டுக்காரர் கடைக் கல்லாவில் சாய்ந்தபடி அதை இரண்டு முறை படித்தார். சாவுச் செய்தியை இத்தனை சந்தோஷமாக யாரும் அவரிடம் சொன்னதில்லை.

கேமராக்களுக்கு வயது இரண்டரை. ஒன்றிலும் கீறல் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போதுகூட நாலும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. கடிதம் வந்த நிமிடத்திலிருந்து போனில் படம் வரவில்லை. படம் வரவேண்டிய இடத்தில் புதிய மாடல் கேமரா ஒன்று மாலை போட்டுக்கொண்டு நின்றது. பழையதைக் கொடுத்தால் தள்ளுபடி உண்டாம்.

அந்தக் கேமராக்கள் திருடனுக்காக வாங்கியவை அல்ல. திருடன் அந்த வீட்டுக்கு வந்தால் பாவப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவான். வாங்கியது அப்பாவுக்காக. முப்பத்தைந்து வருஷம் பேருந்து ஓட்டியவர். இப்போது அவர் நினைவு திருகு திருகாகக் கழன்றுகொண்டிருந்தது. மருமகளை நர்ஸ் என்று நினைத்தார். மகனைச் சில நாள் கண்டக்டர் என்று நினைத்தார். மறக்காமல் மிச்சமிருந்தது மூன்று மணி ஷிப்டு ஒன்றுதான். தினமும் மூன்றடிக்கச் சட்டை மாட்டித் தலைசீவி வாசலுக்கு வந்துவிடுவார்.

பூட்டுக்காரர் கடையில், மனைவி தபால் அலுவலகத்தில். வாசல் கேமராவில் அப்பாவின் தலை தெரிந்ததும் இவர் எதிர்வீட்டுத் தையற்காரருக்குப் போன் போடுவார். தையற்காரர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து, "சார், வண்டி லேட்டாம். உள்ள உக்காருங்க" என்பார். அப்பா தலையாட்டிவிட்டு உள்ளே போவார். ஒன்றரை வருஷமாக வண்டி லேட்டாகிக்கொண்டிருந்தது. ஒரு தொந்தரவும் இல்லை.

கேட்டைப் பூட்டித் தொலைக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஒரே ஒரு நாள் பூட்டினார். அன்று அப்பா கேட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு, "நான் என்னய்யா தப்பு பண்ணினேன்" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கேட்டார். அதற்குப் பிறகு, ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற மனிதர் தன் வாசலை மட்டும் பூட்டுவதில்லை.

மைத்துனியைக் கூப்பிட்டார். மனைவியின் தங்கை, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். அப்பா கட்டிலுக்கு மேலே இருந்த கேமராவைக் கழற்றி மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, ஒயரைச் செருகிப் பார்த்தாள்.

"மாமா, இது சாகல. பேச விடாம வாயில துணி வெச்சிருக்கானுங்க."

"எடுத்துடு துணியை."

"உள்ள ஓடற மென்பொருள் கம்பெனியோடது. அதைத் தூக்கிட்டு வேற ஒன்னு போடணும். உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கங்கன்னு வெச்சிருக்காங்க. படம் கேமராவுலருந்து நேரா உங்க போனுக்கு வரும். நடுவுல எவனும் இல்ல."

"என்ன விலை?"

"சும்மா."

பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. பேரம் பேச இடமில்லாத விலை அவர் பரம்பரைக்கே ஆகாது. "சும்மா எவன் குடுப்பான்? என்ன ஓட்டை அதுல?"

"ஓட்டை இருந்தா நாமளே திறந்து பாத்துக்கலாம். அதான் மாமா அதுல விசேஷம்."

பாதி மனசோடு சரி என்றார். அவள் எதையோ தட்டினாள். கேமராவில் சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டி அணைந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி மூன்று முறை.

"பூட்லோடரை லாக் பண்ணி வெச்சிருக்கான்."

"எதை? பூட்டுலோடரையா?"

"பூட்டு இல்ல மாமா, பூட். கரண்டு வந்ததும் முதல்ல கண்ணு முழிக்கற துண்டு அதுதான். அடுத்து யாரை எழுப்பலாம், யாரை உள்ள விடலாம்னு அதுதான் பாக்கும். கம்பெனி கையெழுத்து இல்லன்னா விடாது."

"வாட்ச்மேன்."

"அதே. நம்ம வீட்டு வாட்ச்மேன், சம்பளம் அங்க வாங்கறான்."

"சாவி?"

"கம்பெனிகிட்ட."

"நகல் சாவி?"

"கிடையாது."

பூட்டுக்காரர் கேமராவைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "வித்த பொருளோட சாவியைத் தானே வெச்சுக்கறவனுக்கு எங்க தொழில்ல வேற பேரு உண்டு."

"அவங்க தொழில்ல அதுக்குப் பேரு செக்யூரிட்டி."

அன்றிலிருந்து அவர் வாயில் அது பூட்டுலோடர்தான். மைத்துனி நாலு தடவை திருத்திவிட்டு விட்டுவிட்டாள். அகராதிப்படி அது பிழை. மற்ற எல்லாவிதத்திலும் சரி.

நியாயமான காரணம் இருந்தால் நேரில் வந்து விண்ணப்பித்துத் திறப்பு உத்தரவு பெறலாம் என்று நிறுவனத்தின் விதிகளில் ஒரு வரி இருந்தது. இதுவரை ஒருவரும் பெற்றதில்லை என்ற வரிக்கு அங்கே இடமில்லை. மனைவி நாலு நாள் லீவு போட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் தபால் அலுவலகம் கையை விரித்தது. "நான் ஜன்னல் வழியா பாத்துக்கறேன், போய்ட்டு வா" என்றார் தையற்காரர். ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, கழற்றிய கேமராவை அதன் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு பூட்டுக்காரர் கிளம்பினார். அன்று பன்னிரண்டாம் தேதி.

நிறுவனத்தின் கிளைக்கு 'நம்பிக்கை இல்லம்' என்று பெயர். வாசலில் பையைச் சோதித்தார்கள், பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், முகத்தைப் படம் பிடித்தார்கள். உள்ளே கூரையில் ஆறு கேமராக்கள். வியாபாரிக் கண் தானாக மேலே போனது. ஆறும் வேறு கம்பெனி.

வரவேற்பு அதிகாரி பதினாலு பக்கப் படிவம் கொடுத்தாள். முதல் வரி 'உரிமையாளர் பெயர்'. அதில் நிறுவனத்தின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பூட்டுக்காரர் அதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

"சார், அதை அடிக்கக்கூடாது. உரிமையாளர் நாங்கதான்."

"நான் முழு விலை குடுத்து வாங்கினேனேம்மா."

"வாங்கினீங்க சார். பிளாஸ்டிக் கூடு, கண்ணாடி, திருகாணி எல்லாம் உங்களுது. கேமரா மட்டும்தான் எங்களுது."

"நாலு திருகாணிக்கா அந்த விலை?"

"ஆறு சார். அடியில ரெண்டு இருக்கு."

அவர் புதுப் படிவம் வாங்கி எழுதினார். வந்த காரணம்: பூட்டைத் திறக்க. தொழில் என்ற இடத்தில், இருபத்தேழு வருஷமாகக் கடைப் பலகையில் இருப்பதை அப்படியே எழுதினார்: பூட்டு திறப்பவர்.

வரவேற்பு அதிகாரி காரணத்தைப் படித்தாள், தொழிலைப் படித்தாள், சிரிப்பு மாறாமல் மேசைக்கு அடியில் எதையோ அழுத்தினாள். இரண்டு காவலர்கள் வந்து அவருக்கு இருபுறமும் மாப்பிள்ளைத் தோழர்கள்போல் நின்றார்கள். அவரை அபாய மதிப்பீட்டு அலுவலரிடம் அழைத்துப் போனார்கள்.

"பயப்படாதீங்க. உங்களை நாங்க சந்தேகப்படல" என்றார் அபாய அலுவலர். "எல்லாரையும் சந்தேகப்படறோம். அதுல நீங்களும் ஒருத்தர், அவ்வளவுதான்."

"நான் தெருமுனையில பூட்டுக்கடை வெச்சிருக்கேங்க. சாவி தொலைச்சவங்க வருவாங்க."

"உங்களை மாதிரி ஆளுங்ககிட்டருந்து உங்களைக் காப்பாத்தத்தான் இந்தப் பூட்டே."

"யார்கிட்டருந்து?"

"அனுமதி இல்லாம கேமராவைத் திறக்க நினைக்கறவங்ககிட்டருந்து."

"அது நான்தானே."

"பாத்தீங்களா, ஆபத்து எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு" என்றார் அலுவலர், உண்மையான அக்கறையோடு.

பூட்டுக்காரர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். மூன்று மணி ஷிப்டைச் சொன்னார். அலுவலர் பொறுமையாகக் கேட்டு, கணினியில் ஒரு வரி தட்டினார். திரை சற்றுத் திரும்பியிருந்ததால் அது தெரிந்தது: 'வீட்டில் மறதி நோயாளி. அவசரத் தேவை. புதிய மாடல் விற்க உகந்தவர்.'

பிறகு நடைமுறையை விளக்கினார். திறப்புக்கு விண்ணப்பிக்க முதலில் விழிப்புணர்வு வகுப்பில் தேற வேண்டும். வகுப்பு பன்னிரண்டு மணிக்கு, ஒரு மணி நேரம். பாதுகாப்புக் காரணங்களுக்காகப் போன்களை இரும்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

பன்னிரண்டுக்கு ஒன்பது பேர் வகுப்பறைக் கதவுக்கு வெளியே நின்றார்கள். கதவில் இருந்தது நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பான மின்பூட்டு. பயிற்சியாளர் அட்டையைக் காட்டினார், விரலை வைத்தார், முகத்தைக் காட்டினார். தலைமையகச் சர்வர் பதில் சொல்லவில்லை என்றது பூட்டு. அரை மணி நேரம் போனது. ஒரு மணி நேரம் போனது. பூட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பது செகண்டு குடுங்க, திறந்து விடறேன்" என்றார். அபாய அலுவலர் அதைத் தேதி, நேரத்தோடு குறித்துக்கொண்டார். ஒன்று ஐம்பதுக்குச் சர்வர் மனம் இரங்கியது.

"எனக்கு இன்னொரு நாள் வெச்சுக்கலாமா, வீட்டுக்குப் போகணும்" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"தாராளமா போங்க. அடுத்த வகுப்பு ஏழு வாரம் கழிச்சு."

உட்கார்ந்தார். பயிற்சியாளர் ஒரு பூட்டிய பெட்டியின் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். பெட்டி என்றார்கள். தவறு, சுதந்திரம் என்றார் பயிற்சியாளர். "சாவி கையில இருந்தா அது தொலையுமோன்னு கவலை. சாவியே இல்லாதவனுக்கு என்ன கவலை சொல்லுங்க. அந்த நிம்மதியைத்தான் நாங்க விக்கிறோம்." பின்வரிசையில் ஒருவர் பெட்டியில் போட்ட போனுக்காகவும் கவலைப்படவேண்டாமா என்று கேட்டார். கேள்விகள் கடைசியில் என்றார்கள். கடைசியில் உறுதிமொழிதான் இருந்தது. எல்லோரும் எழுந்து, அவரவர் கேமராப் பெட்டிமேல் வலது கையை வைத்து, "எனக்குக் காட்டப்படுவதை மட்டுமே நான் பார்ப்பேன்" என்று மூன்று முறை சொன்னார்கள்.

வகுப்பு இழுத்து முடிந்து போன் கைக்கு வந்தபோது மணி மூன்று நாற்பது. திரையில் ஓர் அறிவிப்பு: 'உங்கள் வாசலில் அசைவு. நேரம் 3.07. யார் என்று அறிய ஆவலா? புதிய மாடலுக்கு மாறுங்கள்.' அதற்குக் கீழே தையற்காரரிடமிருந்து பதினேழு அழைப்புகள்.

"ஒருத்தரு அளவு குடுக்க வந்தாருப்பா" என்று தையற்காரர் போனில் அழுதார். "அஞ்சே நிமிஷம். திரும்பிப் பாக்கறேன், கேட்டு திறந்து கிடக்கு."

வாசலில் இறங்கினால் இடப்பக்கம் கடைத்தெரு, அதைத் தாண்டிப் பேருந்து டிப்போ. வலப்பக்கம் லாரிகள் பறக்கும் பைபாஸ் சாலை. பூட்டுக்காரர் அபாய அலுவலரின் மேசையில் போனை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது அவர் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பதால் மண்டலத் தலைவரை வரவழைத்தார்கள். தலைவர் கோட்டைப் பொத்தானிட்டுக்கொண்டு வந்தார்.

"முதல்ல, உங்க வேதனையில எங்க நிறுவனம் முழுமனசோட பங்கெடுத்துக்குது."

"இடதா, வலதா?"

"ஓய்வு பெற்ற கேமராவோட படம் எங்ககிட்ட வர்றதே இல்ல சார். வாடிக்கையாளரோட அந்தரங்கம் எங்களுக்குக் கோயில் மாதிரி."

"படம் வராமதான் மூணு ஏழுன்னு சொல்லிச்சா?"

"அது விளம்பரப் பிரிவு."

"அவங்களைக் கேளுங்க."

"அவங்க வேற கட்டடம்."

"போன் பண்ணுங்க சார். வயசானவரு. ரோடு தெரியாது."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க புது மாடல் வாங்கியிருந்தா இந்தக் கேள்விக்கே வேலை இல்லாம போயிருக்கும். குத்தம் சொல்லல. ஒரு குடும்ப உறுப்பினரா சொல்றேன்." பிறகு, இந்த உரையாடல் தரமேம்பாட்டுக்காகப் பதிவாகிறது என்பதையும் தெரிவித்தார்.

பூட்டுக்காரர் ஓடினார். கதவருகே வரவேற்பு அதிகாரி ஒரு சான்றிதழை நீட்டினாள். தேர்ச்சி பெற்றிருந்தார்.

டிப்போவுக்குத்தானே போயிருப்பார் என்று தெருவே இடப்பக்கம் தேடியது. தபால்காரர்கள் சைக்கிளில் தேடினார்கள். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தேடினார்கள். மைத்துனி டிப்போவில் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கினாள். மறுநாள் விடிந்தபின் ஒரு லாரி டிரைவர் பைபாஸில் வண்டியை நிறுத்தி, சாலையோரப் பள்ளத்தில் கிடந்தவரைப் பார்த்தார். இடுப்பெலும்பு இரண்டாக உடைந்திருந்தது. இரவெல்லாம் அங்கேயே கிடந்திருக்கிறார். சாயங்காலமே கொண்டுவந்திருந்தால் நடக்க வைத்திருக்கலாம் என்றார் மருத்துவர். அதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். முன்னறையில் கட்டில். இனி வாசலுக்குப் போகமாட்டார். குரலும் பெரும்பாலும் போய்விட்டது. தாகம் எடுத்தால், வலி வந்தால், வலது கையை ஒரு சாண் தூக்குவார். பகலில் உதவிக்கு வரும் அம்மாள் துணி துவைக்கப் பின்கட்டுக்குப் போனால் அந்தக் கையைப் பார்க்க ஆளில்லை. வேறெதற்கு இல்லாவிட்டாலும் அந்த ஒரு சாணுக்கு ஒரு கண் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனி கேமராவை மறுபடி சமையலறை மேசையில் பிரித்துப் போட்டாள். இதே மாடலை வைத்துக்கொண்டு தவித்த யாரோ ஒரு புண்ணியவான் எங்கிருந்தோ இணையத்தில் வழி எழுதி வைத்திருந்தான்.

"கரண்டு குடுத்த ஒன்னரை செகண்டுக்குள்ள சிப்போட இந்த ரெண்டு காலையும் ஊசியால சேர்த்துத் தொடணும் மாமா. அப்போ அது குழம்பி, கையெழுத்து கேக்க மறந்துடும். முன்னாடி தொட்டாலும் போச்சு, பின்னாடி தொட்டாலும் போச்சு. என் அவசரக் கைக்கு அது சிக்கல."

"நகரு" என்றார் பூட்டுக்காரர்.

ஆறு தடவை சிவப்பு விளக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பூட்டு திறக்கும்போதும் அப்படித்தான். பூட்டுக்குள்ளிருக்கும் 'பின்' மேலேறும் நேரம் விரலுக்குத்தான் தெரியும். ஏழாவது தடவை விளக்கு எரியவில்லை. மைத்துனியின் திரையில் எழுத்துகள் மழைபோல் இறங்கின.

"வழி விட்டுடுச்சு மாமா."

"பின்ன? பேரே பூட்டுலோடர்தானே."

மத்தியானம் கேமரா கட்டிலுக்கு மேலே ஏறியது. போனில் படம் வந்தது: போர்வை, தலையணை, அப்பா. போனில் அப்பா வலது கையைத் தூக்கினார். இருவரும் பூரித்துப் போய் போனையே பார்த்துக்கொண்டிருந்ததில், தண்ணீர் கொடுக்கச் சமையலறையிலிருந்து மனைவி வரவேண்டியதாயிற்று.

ஒன்பதாம் நாள் நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. நிறுவனத்தின் சொத்துக்குள் அத்துமீறி நுழைந்த குற்றம். நேரில் விசாரணை. ஆதாரமாக ஒரு வண்ணப்படம் இணைக்கப்பட்டிருந்தது. அதில் பூட்டுக்காரர் கண்ணை மூடி, மேசைமேல் குனிந்து, ஊசியோடு இருந்தார். சமையலறை மூலைக் கேமரா எடுத்த படம். ஓய்வு பெற்ற நாலில் ஒன்று. கழற்ற யாருக்கும் தோன்றாமல் ஒயரோடு அங்கேயே இருந்தது.

விசாரணை அறையில் அபாய அலுவலரும் சட்ட அலுவலரும் உட்கார்ந்திருந்தார்கள். சட்ட அலுவலர் இளைஞர், தன் தொழிலில் பெருமை உள்ளவர். அந்தப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்.

"ஊசி முனைகூடத் தெரியுது பாருங்க. பழைய மாடல்தான், ஆனா தரத்துல நாங்க குறை வைக்கல."

"ஓய்வு பெற்ற கேமரா படம் வர்றதில்லன்னு உங்க தலைவர் சொன்னாரே" என்றார் பூட்டுக்காரர்.

"உங்களுக்கு வர்றதில்ல." சட்ட அலுவலருக்கு இதில் என்ன குழப்பம் என்று புரியவில்லை. "எங்களுக்கு வரும். ஒரு நாள், ஒரு நிமிஷம் விட்டதில்ல. வேணும்னா பாருங்க." நம்பிக்கை ஊட்டுவதற்காக அவர் திரையில் தேதிகளை உருட்டினார். "இதோ, பன்னெண்டாம் தேதி, மூணு ஏழு. வாசல் கேமரா. ஒரு பெரியவர் தலையைச் சீவிக்கிட்டே கேட்டைத் திறக்கறாரு. நிக்கறாரு. இந்தப் பக்கம் பாக்கறாரு, அந்தப் பக்கம் பாக்கறாரு..."

அபாய அலுவலர் இருமினார். சட்ட அலுவலர் சட்டென்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நிறுவனத்தின் அந்தரங்கப் பொருள் அது.

"எந்தப் பக்கம் போறாரு?" என்றார் பூட்டுக்காரர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்ட அலுவலர் நல்ல மனம் படைத்தவர்.

"வலது" என்றார். "சும்மா தகவலுக்குத்தான். இதை நீங்க வேற எங்கயும் பயன்படுத்தக்கூடாது."

அபாய அலுவலர் மன்னிப்புக் கடிதம் ஒன்றை மேசையில் தள்ளினார். திறந்த கேமராவை ஒப்படைத்து, இனி எதையும் திறக்கமாட்டேன் என்று கையெழுத்திட்டால் விவகாரம் முடிந்துவிடும். பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார்.

பூட்டுக்காரர் பேனாவை வாங்கி, மூடியை மாட்டி, திருப்பி வைத்தார்.

"இந்தப் படத்துல நான் குனிஞ்சிருக்கேன், முகம் பாதிதான் தெரியுது" என்றார். "கேஸுக்குப் பத்தாது. இன்னும் மூணு கேமரா பாக்கி இருக்கு. நேரா பாத்துக்கிட்டே திறக்கறேன். சேமிச்சு வெச்சுக்கங்க."

அன்று சாயங்காலம் முகச்சவரம் செய்துகொண்டார். இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டார். மைத்துனி வந்து ஒயரை நீட்டிக் கொடுத்தாள். வாசல் கேமராவுக்கு எதிரே ஏணி போட்டு ஏறி, அதன் கண்ணை நேராகப் பார்த்து, தன் பெயர், கடை, கடை இருக்கும் தெரு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கழற்றித் திறந்தார். பின்கட்டுக் கேமராவுக்கும் அதே மரியாதை. கடைசியாகச் சமையலறை மூலைக் கேமராவின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் கண்ணை நேராகப் பார்த்தார்.

முன்னறைக் கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "யாருடா வந்திருக்கறது?"

"கம்பெனிக்காரங்கப்பா."

"வாசல்லயே நிக்க வெக்காதே. உள்ள கூப்பிடு."

"உள்ளதான்பா இருக்காங்க" என்றார் பூட்டுக்காரர்.

நிறுவனத்தின் கோப்பில் அந்த வீட்டின் கடைசிப் படம் இன்றும் இருக்கும். எதையும் அழிப்பவர்கள் அல்ல அவர்கள். ஒரு கட்டைவிரல் லென்ஸுக்கு நெருங்கி வருகிறது, எண்ணெய்க் கறையோடு, ரேகை ரேகையாகத் தெளிவாக. பிறகு திரை முழுக்க அந்த விரல்தான்.